வரமாட்டார்கள் என்று யார் சொன்னது?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் எங்கே பேச்செடுத்தாலும் இந்தப் பல்லவி வந்துவிடும்: "நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு விழிப்புணர்வு இல்ல. வெக்கப்படுதாவ. கூப்பிட்டா வரமாட்டாவ." உடனே ஒரு பேரணி, இளஞ்சிவப்பு ரிப்பன். அது மார்பகப் புற்றுநோய்க்கான நிறம் என்பதைக்கூட ஒருவரும் கவனிப்பதில்லை.

இவர்கள் கையில் ஒரு கணக்கும் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்நோய்க்கான சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. கணக்கில் தவறில்லை. பழியைத்தான் ஆள் மாற்றிப் போடுகிறார்கள்.

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையைப் பாருங்கள். 2000-க்கும் 2003-க்கும் இடையில் ஓர் ஆய்வுக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். வெட்கம் எங்கே போயிற்று? சோதனை செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கச் செய்து கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுக்கும் இடத்தைப் பார்ப்பார்கள். 3,088 பேருக்குச் சந்தேகம். அவர்களில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோபியும் (கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது) முடிந்தது. காரணம், வந்த அன்றே அங்கேயே பார்த்தார்கள்; தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் அப்போதே தந்தார்கள். அப்படியிருந்தும் புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்ட 1,874 பேரில் 72 சதவீதத்தினரே சிகிச்சை பெற்றார்கள். அதற்கே 2006-க்குள் இந்நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது.

இப்போது கரிவலம்வந்தநல்லூருக்கு வாருங்கள். பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு 'பாசிட்டிவ்' என்று சீட்டு கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவிலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து தென்காசிக்கோ பாளையங்கோட்டைக்கோ இன்னொரு பஸ். கால்போஸ்கோபிக்கு ஒரு நாள், சதைச் சோதனை முடிவு கேட்க ஒரு நாள், சிகிச்சைக்கு ஒரு நாள். மூன்று நாள் கூலி போச்சு. "நல்லாத்தான இருக்க, எதுக்கு அலையுத?" என்று வீட்டில் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? வலி இல்லை, உதிரப்போக்கு இல்லை. சீட்டு அரிசி டப்பாவுக்குள் போய்விடும். அவள் வராதவள் இல்லை, வந்தவள். நாம்தான் கைவிட்டோம்.

இந்நோய்க்குக் காரணமான எச்பிவி கிருமியைத் தேடும் சோதனை இன்னும் கூர்மையானது. மகாராஷ்டிரத்து உஸ்மானாபாத்தில் ஒரே ஒருமுறை செய்ததிலேயே எட்டாண்டில் இந்நோய்ச் சாவு ஏறக்குறைய பாதியானது. ஆனால் மாதிரி ஆய்வகத்துக்குப் போனால் முடிவு அன்றே கைக்கு வராது. மறுபடி அழைக்க வேண்டும். இந்தக் கிருமி பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ஆண்டில் தானே போய்விடும், இது நடத்தைக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நியமிக்காமல் கருவியை மட்டும் வாங்கினால், பயந்துபோன பெண்களின் பட்டியல்தான் நீளும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை: மாறிய திசுவைச் சூட்டால் அழிக்கும் கைக்கருவி பேட்டரியில் ஓடுகிறது, வேலை ஓரிரு நிமிடத்தில் முடிகிறது. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைக்கலாம். தகுந்தவர்களுக்கு அன்றே சிகிச்சை தரலாம். அடுத்த கூட்டத்தில் யாராவது விழிப்புணர்வு என்று ஆரம்பித்தால், எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்று கேட்காதீர்கள். பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்று கேளுங்கள்.