முற்றத்து மண்ணும் சபையின் விதியும்



வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகளின் முன்னால் செயற்கைப் புல் விரிக்கும் ஆசை எங்கள் ஊர்களுக்கும் வந்துவிட்டது. வெட்டத் தேவையில்லை, தண்ணீர் விடத் தேவையில்லை என்கிறார்கள்.

வலிகாமம் வடக்கில் ஒரு சகோதரி இருக்கிறார். 1990 இல் இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பின் திரும்பியவர். கணவர் இல்லை. முற்றத்தில் கத்தரி, மிளகாய், முருங்கை, பின்னால் கிணறு. வெளிநாட்டில் இருக்கும் தம்பி, முற்றம் முழுவதும் சீமெந்து போட்டு அதன்மேல் இந்தப் புல்லை விரிக்கச் சொல்கிறாராம். "வேண்டாம் என்று எப்படிச் சொல்லுறது தங்கச்சி? வீடே அவன்ரை காசு" என்று என்னிடம் கேட்டார்.

யாழ். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கித் தேங்கும் மழைநீரே எங்கள் கிணற்று நீர். அந்த மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. முற்றத்தைச் சீமெந்தால் மூடினால் அந்த நீர் வீதிக்கோ அயல் வளவுக்கோ ஓடிவிடும். கடும் வெயிலில் பிளாஸ்டிக் புல்லின் சூடு 60 பாகை செல்சியசையும் தாண்டுவதுண்டு. பிள்ளைகள் வெறுங்காலுடன் விளையாட முடியாது.

வசதியான நாடுகளே இதில் மனம் மாறியிருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கடும் வரட்சி நிலவிய 2015 இல், வீட்டு வளவில் செயற்கைப் புல் போடுவதை நகர சபைகள் தடைசெய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. 2023 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, தடைசெய்யும் அதிகாரம் சபைகளுக்குத் திரும்பக் கிடைத்தது. தண்ணீர் மிச்சம் என்று வரவேற்கப்பட்ட பொருளின் சூடும், அதிலிருந்து உதிரும் பிளாஸ்டிக் துகள்களும் பிறகுதான் பேசுபொருளாயின.

எங்கள் நாட்டில் பொதுச் சுகாதாரம், வீதிகள் ஆகியவற்றை நிருவகிக்கும் பொறுப்பை 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே வளவை மூடுவதற்கு முன் சபையிடம் எழுத்தில் கேளுங்கள். வளவில் எவ்வளவு நிலத்தைத் திறந்து விட வேண்டும்? மழைநீரை வீதிக்கு விடலாமா? அயலவரின் வெள்ளம் எங்கள் வளவுக்குள் வந்தால் யாரிடம் முறையிடுவது? 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் விண்ணப்பம் பற்றிய முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். 2018 தேர்தல் முதல் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு உண்டு. உங்கள் வட்டாரத்துக்கு அருகிலுள்ள பெண் உறுப்பினரையும் சந்தியுங்கள்.

காசு அனுப்பும் சகோதரர்களின் அன்பு பெரிது. ஆனால் அந்த வளவில் தண்ணீர் அள்ளுவதும் சமைப்பதும் நீங்கள். சபையின் பதிலைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். முற்றத்துக்கு என்று வந்த காசில் கிணற்றுக் கட்டைத் திருத்தலாம், கூரை நீரைச் சேர்க்க ஒரு தொட்டி கட்டலாம் என்றும் சொல்லிப் பாருங்கள்.