இரத்த உறவுக்கும் எழுத்துச் சான்று வேண்டும்

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் நாடுகள் பலவற்றில் சிதறிய குடும்பங்கள் மீண்டும் ஒன்றுசேர்வதற்குச் சட்டபூர்வமாகத் திறந்துள்ள முதன்மையான வழி, வெளிநாட்டில் வாழும் உறவினரின் அனுசரணையில் குடியேறுவதாகும். பேச்சு வழக்கில் 'ஸ்பொன்சர்' எனப்படும் இந்நடைமுறையில் உறவு உண்மையாக இருப்பது மட்டும் போதாது. அது ஆவணங்களால் நிறுவப்படவும் வேண்டும். மூன்று தசாப்த காலப் போர் அழித்தவற்றுள் அந்த ஆவணங்களும் அடங்கும் என்பதே தமிழ் பேசும் மக்கள் எதிர்நோக்கும் சிக்கலின் அடிப்படையாகும்.

இலங்கையர் பெருமளவில் வாழும் கனடாவை எடுத்துக்கொள்வோம். 2002இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வாழ்க்கைத் துணையையும் தங்கிவாழும் பிள்ளைகளையும் அழைக்க இடமுண்டு. பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள், முன்னைய மணம் இருந்தால் அது முடிவுற்றதற்கான சான்று, பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் என்பன கோரப்படுகின்றன.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் யாழ்ப்பாணத்தவருக்கு இரண்டு மணித்தியால அவகாசமே வழங்கப்பட்டது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கரையோரக் குடும்பங்களின் உடைமைகளை அள்ளிச் சென்றது. 2009இல் வன்னியிலிருந்து வெளியேறியோர் உடுத்த உடையுடன் வந்தனர். பதிவேடு எஞ்சியிருப்பின் பிரதேச செயலகத்தில் பிரதியொன்றைப் பெறலாம். பிறப்பே பதியப்படாதவருக்குக் காலங்கடந்த பதிவு என்ற வழியுண்டு. எனினும் விண்ணப்பத்துக்குச் சற்று முன்னர் பெறப்பட்ட பத்திரத்தை விசா அதிகாரிகள் ஐயத்துடனேயே நோக்குவர். சத்தியக்கடதாசி ஒன்றினால் அந்த ஐயம் நீங்கிவிடாது. பாடசாலை அனுமதிப் பதிவு, தடுப்பூசி அட்டை, பழைய குடும்ப அட்டை போன்று அவ்வக் காலத்திலேயே எழுதப்பட்டவற்றுக்கே பெறுமதி அதிகம். இறுதி வழியாக மரபணுப் பரிசோதனை உள்ளது. அது பெற்றோர், பிள்ளை உறவை நிறுவுமேயன்றித் திருமணத்தை நிறுவாது.

திருமணத்திலோ வேறு வகைச் சிக்கல் உள்ளது. கோயிலில் தாலி கட்டியதுடன் திருமணம் நிறைவுற்றதெனக் கருதிப் பதிவைப் பின்போட்ட இந்துக் குடும்பங்கள் பல. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பதியப்படவில்லை என்ற காரணத்தால் மட்டும் நிக்காஹ் செல்லுபடியற்றதாகாது. ஆயினும் செல்லுபடியான மணம் என்பது ஒன்று. அதனை வேற்று நாட்டு அதிகாரியின் முன் நிரூபிப்பது மற்றொன்று. மேலும், மணமகன் வெளிநாட்டிலிருக்க, தொலைபேசி மூலமோ பிரதிநிதி மூலமோ நடைபெறும் திருமணங்களை 2015 ஜூன் முதல் கனடா குடிவரவுத் தேவைகளுக்கு ஏற்பதில்லை. மார்க்கம் அனுமதிக்கின்றதென எண்ணி அவ்வாறு மணமுடிப்போர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

இழந்த பத்திரத்தினால் ஏற்படும் தடையைவிடக் கடுமையானது, பல்லாண்டுகளுக்கு முன்னர் மறைத்த ஒரு விபரத்தினால் ஏற்படும் தடை. நிரந்தர வதிவிடம் பெறும்போது அறிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்ட மனைவியையோ பிள்ளையையோ பின்னர் குடும்பப் பிரிவில் அழைப்பதைக் கனேடிய ஒழுங்குவிதிகளின் 117ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கின்றது. பயண முகவரின் சொற்கேட்டுத் தம்மைத் தனியாள் எனக் கூறியவர், மரபணு ஆதாரம் கையிலிருந்தும் தம் பிள்ளையை அழைக்க முடியாத நிலை இதனாலேயே தோன்றியது. 2019 செப்டெம்பரில் அகதிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு இவ்விதி தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டுப் பின்னர் அத்தளர்வு நீடிக்கப்பட்டது. இத்தகைய சலுகையை எக்காலமும் எதிர்பார்க்க முடியாது.

இவை யாவற்றினும் வேதனைக்குரியது காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களது நிலை. தாய், தந்தை இருவரையும் இழந்த, மணமாகாத, 18 வயதுக்குட்பட்ட உடன்பிறந்தாரையும் உடன்பிறந்தாரின் பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் அழைக்கக் கனேடியச் சட்டம் இடமளிக்கின்றது. அதற்குப் பெற்றோர் இருவரும் இறந்தமை காட்டப்பட வேண்டும். தந்தை இறந்தார் எனக் கூற எவருமில்லாத பிள்ளை என்ன செய்யும்? 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணப் பதிவு செய்ய வழிவகுத்தது. உண்மை தெரியாமல் மரணத்தை ஒப்புக்கொள்ளப் பல தாய்மார் மறுத்தனர். அவர்களது மறுப்பில் நியாயமுண்டு. 2016இல் அறிமுகமான காணாமற்போனமைக்கான சான்றிதழ் அவர்களுக்கு ஓரளவு ஆறுதலளித்தது. ஆயினும் அது மரண அத்தாட்சிப் பத்திரமாகாது. மனைவியை முன்னைய மணத்திலிருந்து விடுவிப்பதுமில்லை. நீதி கோரிக் காத்திருப்பதா, எஞ்சிய குடும்பத்தின் எதிர்காலத்துக்காகக் கையொப்பமிடுவதா என்ற கொடிய தெரிவுக்குள் அரசு அவர்களைத் தள்ளியிருக்கின்றது.

எனவே, பதிவாளர் நாயகம் திணைக்களம் போரினால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலும் புத்தளம் போன்று இடம்பெயர்ந்தோர் வாழும் பகுதிகளிலும் தமிழ் மொழியில் இயங்கும் நடமாடும் சேவைகளைத் தொடர்ச்சியாக நடத்தி, காலங்கடந்த பதிவுகளையும் பெயர்த் திருத்தங்களையும் விரைவுபடுத்த வேண்டும். காணாமற்போனமைக்கான சான்றிதழின் சட்டப் பெறுமதியை ஏற்கும் நாடுகளுடன் பேசித் தெளிவுபடுத்துவதும் கொழும்பின் கடமையே. மக்கள் தம் பங்குக்குத் திருமணத்தையும் பிறப்பையும் உரிய காலத்தில் பதிவதுடன், எந்த அதிகாரியிடமும் முதற்தடவையிலேயே உண்மையை முழுமையாகக் கூறுதல் வேண்டும்.

போர் பிரித்த குடும்பங்களைக் கடதாசி மீண்டுமொருமுறை பிரிக்க அனுமதிக்கலாகாது.