பாட்டி வளர்த்த பிள்ளைக்குப் பதினெட்டுக்குப் பின் யார்?

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் பன்னீர் திராட்சையும் முல்லைப் பெரியாற்றுப் பாசனமும் நினைவுக்கு வரும். தேனி மாவட்டத்துக்குத் துயரமான இன்னொரு வரலாறும் உண்டு. தமிழகத்தில் எச்.ஐ.வி. பாதிப்பு மிகுந்திருந்த மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. இளம் பெற்றோர் இறந்தார்கள். குழந்தைகள் பாட்டிமாரின் மடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அக்குடும்பங்களுக்குத் துணைநின்ற அமைப்புகளுள் ஆண்டிபட்டியின் ஆரோக்கிய அகம் குறிப்பிடத்தக்கது. 1980-களில் தொழுநோய், காசநோய்ப் பணியில் ஈடுபட்டிருந்த அந்த அமைப்பு, பின்னர் எச்.ஐ.வி. பாதித்தோரையும் அவர்தம் குழந்தைகளையும் அரவணைத்தது. இதை நான் தற்செயலாகக் கருதவில்லை. நோய் மாறினாலும் நோயாளியை ஒதுக்கிவைக்கும் சமூகத்தின் குணம் மாறவில்லை. அதை எதிர்கொண்ட அனுபவமே அங்கு பெரும் மூலதனம்.

2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. 2006 இறுதியில் குழந்தைகளுக்கெனத் தனித் திட்டம் வந்தது. அதுவரை நல்லபடியாக வழியனுப்புவதே பல தொண்டு நிறுவனங்களின் வேலையாக இருந்தது. அதன்பின் வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு வந்தது. செலவின் தன்மையே மாறிவிட்டது. மருந்து இலவசம்தான், ஆனால், பேரனை அழைத்துக்கொண்டு சிகிச்சை மையத்துக்குச் செல்லும் நாளில் பாட்டிக்கு ஏலத்தோட்டக் கூலி கிடையாது. பொருளியல் வகுப்பில் இதை நாங்கள் வாய்ப்புச் செலவு என்போம். அந்த வீட்டில் அதற்குப் பெயர் அன்றைய உலை.

இன்று அந்தக் குழந்தைகளில் பலர் இளைஞர்கள். இங்குதான் நம் சட்டத்தின் முரண்பாடு தெரிகிறது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். சரியான கொள்கை. ஆனால், அதே சட்டம் 18 வயதுக்குப் பிந்தைய ஆதரவை இல்லத்திலிருந்து வெளியேறுவோருக்கு மட்டுமே உரியதாக்குகிறது. உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு மிஷன் வாத்சல்யா தரும் மாதம் 4,000 ரூபாய் 18 வயதோடு நின்றுவிடுகிறது. எந்த ஏற்பாடு சிறந்தது என்று சட்டம் சொல்கிறதோ, அதைத் தேர்ந்த பாட்டியே இழப்புக்கு ஆளாகிறார்.

தமிழக அரசு 2025-இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம், 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருவதோடு, அதன் பின்னர் உயர்கல்விக்கும் திறன் பயிற்சிக்கும் உதவ முன்வந்திருக்கிறது. வரவேற்கிறேன். அந்த உதவி விருப்பமாக அல்லாமல் உரிமையாக வேண்டும். வளர்ந்த இடம் இல்லமா, பாட்டி வீடா என்ற பேதமும் கூடாது.

நன்கொடையாளர்களுக்கும் ஒரு சொல். கல்வெட்டில் பெயர் பொறிக்கக் கட்டடம் வேண்டும். பேருந்துக் கட்டணத்தில் யார் பெயரையும் பொறிக்க முடியாது. ஆனால், தேனியின் பிள்ளைகளைக் கரைசேர்த்ததில் கட்டடங்களைவிட, மாதந்தோறும் தவறாமல் வந்த சிறு தொகைகளுக்கும் வீடு தேடிவந்த களப்பணியாளர்களுக்கும் பங்கு அதிகம் என்பதே என் கணிப்பு. ஆயுள் முழுவதும் மருந்து உண்ண வேண்டிய இளைஞருக்குப் பதினெட்டாம் பிறந்தநாளில் நோய் தீர்ந்துவிடுவதில்லை. நம் பொறுப்பு மட்டும் தீர்ந்துவிடுமா?