போத்தலில் எழுதாத நஞ்சு

கோப்பாயிலோ உரும்பிராயிலோ வெங்காயத்துக்கு மருந்தடிக்கும் கமக்காரர் ஒருவரிடம், "போத்தலுக்குள் இருப்பது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மேலொட்டியிற் பெரிதாக அச்சிட்ட பெயரைச் சொல்வார். பெயர் சரியே. ஆனால், லீற்றருக்கு 400 கிராம் நஞ்சு என்று எழுதிய போத்தலில் எஞ்சிய பங்கு யாது?

நஞ்சைக் கரைத்து வைத்திருக்கும் இரசாயனத் திரவமே அது. சைலீன், சைக்கிளோஹெக்சனோன் முதலியன இவ்வினத்தவை. குழம்பாக்கும் பொருளும் உடனிருப்பதாலேயே மருந்தைத் தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கிறது. பூச்சியைக் கொல்வது கரைப்பானின் வேலையன்று. ஆகவே வெறுந் துணைப்பொருளென்று அதனை நெடுங்காலம் பொருட்படுத்தாது விட்டனர்.

அது பிழையென்பதற்கான சான்றுகள் இந்நாட்டிலேயே கிடைத்தன. மூன்று வைத்தியசாலைகளில் நஞ்சருந்திச் சேர்க்கப்பட்ட 802 பேரைப் பற்றிய ஆய்வு 2005 இல் 'லான்செற்' இதழில் வெளிவந்தது. குளோர்பைரிபொஸ், டைமெதோயேற் இரண்டும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலில் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. எனினும் முன்னதால் நூற்றுக்கு 8 பேரும், பின்னதால் 23 பேரும் மாண்டனர். ஆய்வை நடத்திய மைக்கல் எடில்ஸ்ரன் குழுவினர் பின்னர் சிறு பன்றிகளிற் பரிசோதனை செய்து 2012 இல் முடிவை வெளியிட்டனர். டைமெதோயேற்றையும் கரைப்பானாகிய சைக்கிளோஹெக்சனோனையும் தனித்தனியே கொடுத்தபோது கேடு குறைவு. இரண்டும் கூடியபோதே இரத்த அழுத்தம் வீழ்ந்தது, மூச்சும் நின்றது.

டைமெதோயேற், பென்தியோன், பரகுவாற் ஆகியன 2008 முதல் 2011 வரையிலான ஆண்டுகளில் இலங்கையில் விலக்கப்பட்டன. நல்ல காரியம், பல உயிர்கள் தப்பின. ஆயினும் விலக்கு நஞ்சின் பெயருக்கே. வேறு பெயர்ப் போத்தலிற் கரைப்பான் வருவதை அது தடுக்காது.

நஞ்சு உட்சென்றவரை வாந்தியெடுக்கச் செய்யும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. பெற்றோலியக் கரைப்பான் வாந்தியோடு சுவாசப்பைக்குட் புகுந்தால் சுவாசப்பையே புண்படும். நல்லெண்ணத்தோடு செய்யும் உதவி உயிருக்கு உலையாகிறது! வாந்திக்கு முயலாது, போத்தலையும் கையிலெடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைவதே முறை. மருந்து கலக்கும்போது வெறுங்கையிற் சிந்தும் துளியும் சிறிதன்று. கரைப்பான் நஞ்சைத் தோலினூடே உள்ளே செலுத்தவல்லது. உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

ஆனால், கொண்டுவந்த போத்தலைப் பார்க்கும் வைத்தியருக்குக் கரைப்பானின் பெயர் தெரியாவிட்டால் அவர் என் செய்வார்? 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவின்றி எந்த மருந்தும் விற்கலாகாது. அப்பதிவை வழங்குமுன் நஞ்சை மட்டுமன்றிப் போத்தலிலுள்ள கலவை முழுவதையும் சோதித்த முடிவைக் கம்பனிகளிடம் கேட்டுப் பெறுவது பதிவாளரின் கடமை. வியாபார இரகசியம் என்பார்கள். உண்பவர் உயிரும் உழைப்பவர் உயிரும் அவர்களுடைய இரகசியத்திற்கு ஈடாகுமா? கரைப்பானின் பெயரையும் அளவையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் மேலொட்டியிற் பொறிக்கச் செய்யும்படி வடபகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்கள் வரும் கூட்டத்திலேயே கேள்வி எழுப்பட்டும்.