வெறுங்குடமும் போர்க்கப்பலும்

வெறுங்குடத்தைக் குளத்தில் மிதக்க விட்டால் உருண்டு சாயும். அடியில் இரண்டு செம்பு நீர் இருந்தால் நிமிர்ந்து நிற்கும். இது நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த விஷயம். போர்க்கப்பல் அதிகாரிகளும் அறிந்ததுதான். அறிந்திருந்தும் ஒரு கப்பல் கவிழ்ந்த வரலாற்றை இவ்வாரம் சொல்லப் புகுகிறோம்.

1944-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், அட்மிரல் ஹால்ஸியின் அமெரிக்கக் கப்பற்படை பிலிப்பைன் தீவுகளுக்குக் கிழக்கே இருந்தது. மிண்டோரோவில் இறங்கிய தரைப்படைக்குத் துணையாக, லூஸான் தீவிலிருந்த ஜப்பானிய விமான தளங்களை மீண்டும் தாக்கவேண்டும். அதற்கு முன் நாசகாரிகள் எனப்படும் சிறு போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் கொடுக்கவேண்டும். 17-ந் தேதி கடல் கொந்தளித்தது. ‘ஸ்பென்ஸ்’ என்னும் நாசகாரிக்கு எண்ணெய் பாய்ச்சிய குழாய்கள் அறுந்து போயின.

காலியான தொட்டிகளில் கடல் நீரை நிரப்பிக் கப்பலுக்கு அடிப்பாரம் கொடுப்பது வழக்கம். ஆனால் மறுநாள் எண்ணெய் கிடைத்துவிட்டால்? நீரையெல்லாம் இறைத்த பின்னரே எண்ணெய் ஏற்றமுடியும், காரியம் தாமதமாகும். ஆகவே பொறுத்திருந்தார்கள். கடைசியில் நீர் நிரப்பத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. 18-ந் தேதி சூறாவளியில் ‘ஸ்பென்ஸ்’ கவிழ்ந்தது.

கரையில் அமர்ந்து குற்றம் சொல்வது எளிது. ஆடும் கப்பலில் அடுப்பு எரியாது; தூக்கம் கிட்டாது; ஒரு கை கம்பியைப் பற்ற, மறு கைதான் வேலைக்கு. தலை சுற்றுகிறவனுக்குச் சிறு கணக்கும் மலையாகிவிடும். டிரபால்கர் வீரர் நெல்சனே கடல் மயக்கத்தால் வருந்தியவர் என்றால் மற்றவர்களைச் சொல்வானேன்?

அன்று ‘ஹல்’, ‘மொனகன்’ என்ற நாசகாரிகளும் மூழ்கின. யுத்தகாலத்தில் மேலே ஏற்றப்பட்ட கருவிகளால் இவ்விரண்டுக்கும் தலைப்பாரம் மிகுந்திருந்தது. ‘மொனகனில்’ பிழைத்தவர் ஆறே பேர். விமானந்தாங்கிக் கப்பல்களில் கட்டறுந்த விமானங்கள் ஒன்றோடொன்று மோதின. ‘மாண்டெரே’ என்ற கப்பலில் தீப்பிடித்தது. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்டு போர்டு அக்கப்பலில் அப்பொழுது ஓர் அதிகாரி. மொத்தத்தில் மாண்டவர் ஏறக்குறைய 790 பேர். பகைவனுடைய குண்டு ஒன்றுகூட இதற்குத் தேவைப்படவில்லை.

‘டாபரர்’ என்ற சிறு காவற்கப்பலை மாத்திரம் மறக்கலாகாது. 70 பாகைக்கு மேல் சாய்ந்து நிமிர்ந்து, பாய்மரம் போன்ற கம்பத்தையும் ரேடியோவையும் இழந்த அக்கப்பல், இருட்டிலும் விளக்கைப் போட்டுத் தேடி 55 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது.

விசாரணை மன்றம் ஹால்ஸியின்மீது பொறுப்பைச் சுமத்தியது, பதவி போகவில்லை. தலைமைத் தளபதி நிமிட்ஸ் 1945-ல் தம் படைக்கு எழுதிய கடிதத்தில், முன்னெச்சரிக்கை வீணாகிவிடுமோ என்று தயங்குவதே மாலுமிக்குப் பேராபத்து என்று எச்சரித்தார். ஆறு மாதம் நிறையவில்லை. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் ஹால்ஸியின் கப்பல்கள் மறுபடியும் ஒரு சூறாவளிக்குள் சென்றன. ‘பிட்ஸ்பர்க்’ என்னும் பெருங்கப்பலின் முன்பாகம் பிய்ந்து தனியே மிதந்தது.