தெளிந்த நீரின் பசி

நல்ல நீருக்குத் தெளிவே அடையாளம் என்று நம் மொழி நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறது. தெளிந்த சுனை, தெளிந்த ஓடை, ஏன், தெளிந்த சிந்தை என்றும் சொல்கிறோம். தென் ஸ்வீடனின் காட்டு ஏரிகள் இந்த நம்பிக்கையைக் கலைத்துப் போட்டவை. 1960களிலும் 1970களிலும் அவற்றில் பல, அடி தெரியுமளவுக்குத் தெளிந்தன. காரணம் தூய்மையல்ல, அமிலம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் எரிந்த நிலக்கரியின் கந்தகம் அங்கே மழையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்வாந்தே ஓடேன் என்ற மண்ணியல் அறிஞர் 1967இல் நாளிதழ் ஒன்றில் இதை எழுதிய பிறகே பொதுமக்களின் கவனம் திரும்பியது.

பி.எச். அளவு 7 என்றால் நடுநிலை. அதில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிடுகிறது. 6ஐ நெருங்கும்போதே நத்தைகளும் மேஃப்ளை பூச்சியின் புழுக்களும் மறையத் தொடங்குகின்றன. 5ஐ ஒட்டிப் பல மீன்களின் முட்டைகள் பொரிப்பதில்லை; மண்ணிலிருந்து கரைந்து வரும் அலுமினியம், எஞ்சிய மீன்களின் செவுள்களைச் சிதைக்கிறது. பறவையின் இறகையோ காலையோ இந்த அமிலம் ஒன்றும் செய்வதில்லை. அதன் இலையில் இருப்பதை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறது.

ஆனால் எல்லாப் பறவைகளும் பட்டினி கிடக்கவில்லை. கோல்டன்ஐ என்றொரு வாத்து உண்டு. பெயருக்கேற்ற பொன்னிறக் கண். அது மீனற்ற ஏரிகளையே அதிகம் நாடுகிறது என்று 1970களின் இறுதியில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மீனும் அந்த வாத்தும் உண்பது ஒரே நீர்ப்பூச்சிகளைத்தான். பங்காளி போய்ச் சேர்ந்ததும் சொத்து முழுவதும் இதற்கு வந்தது. அமிலத்தைத் தாங்கும் நீர்வண்டுகளும் தும்பிப் புழுக்களும் தின்பாரின்றிப் பெருகியிருந்தன. மீன் பிடித்தே வாழும் விராலடிப்பானுக்கோ அதே ஏரி வெறும் நீர்.

எத்தனை பறவைகள் வந்தன என்று எண்ணி ஒரு நீர்நிலைக்கு நற்சான்று வழங்கும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது இதனால்தான். இந்த விஷயத்தில் கபிலர் நம்மைவிடக் கறாரானவர். குறுந்தொகையில் அவர் சாட்சியாக நிறுத்திய குருகு சும்மா நிற்கவில்லை. ஆரல் மீனைப் பார்த்து நின்றது. இன்று நாம் எழுதும் இயற்கைக் கட்டுரைகளில் சிறகும் வண்ணமும் நிறைய இருக்கின்றன. ஆரல் மீனைக் காணோம்.

கனடாவின் ஒண்டாரியோவில் சட்பரி நகரைச் சுற்றியுள்ள ஏரிகளை எடுத்துக்கொள்வோம். அங்கே கூடுகட்டும் லூன், அந்நாட்டின் ஒரு டாலர் நாணயத்திலேயே இடம்பெற்ற பறவை. இணைகள் ஆண்டுதோறும் பழைய ஏரிக்கே திரும்பும் இயல்புடையவை. குஞ்சு பறக்கப் பதினோரு வாரம்போல ஆகும். அதுவரை அந்த ஏரி தருவதுதான் உணவு. அமில ஏரிகளில் குஞ்சுகள் உணவின்றி மடிவதை 1980களின் ஆய்வுகள் பதிவு செய்தன. தாயும் தந்தையும் பசித்தால் வேறு ஏரிக்குப் பறந்துபோய் உண்ணலாம். ஆகவே ஜூன் மாதத்தில் அங்கு வரும் பயணிக்குக் கண்ணாடி போன்ற நீரும் அதன்மேல் மிதக்கும் கம்பீரமான இரு பறவைகளும் தென்படும். அவர் நிறைவோடு படமெடுத்துத் திரும்புவார்.

சட்பரியின் காற்றைக் காப்பதற்காக 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்றை எழுப்பினார்கள். நஞ்சு குறையவில்லை, தொலைவுக்குப் போனது. உமிழ்வையே குறைத்த பிறகுதான் ஏரிகள் மெல்லத் தேறின. மண்ணிலிருந்து கழுவிச் செல்லப்பட்ட கால்சியம் பல இடங்களில் இன்னும் திரும்பவில்லை.

ஸ்வீடனில் 1970களின் பிற்பகுதியிலிருந்து படகிலும் ஹெலிகாப்டரிலும் சுண்ணாம்புத் தூளை ஏரிகளில் தூவுகிறார்கள். இன்றும் அது தொடர்கிறது. மீன் திரும்பிய ஏரிகளில் கோல்டன்ஐக்குப் பழைய பங்காளி வந்துவிட்டான். அங்கே வாத்துகள் குறைந்தால், ஏரி நலிகிறது என்று வருந்தி எழுத யாராவது இருக்கத்தான் செய்வார்கள்.