சிலுவையோடு நின்றுவிடும் மறைக்கல்வி

கிறிஸ்துவின் இறப்பும் உயிர்ப்பும் கத்தோலிக்க நம்பிக்கையில் ஒரே மீட்புச் செயல். திருச்சபை அதைப் பாஸ்கா மறைபொருள் என்கிறது. இறப்பினால் மனிதர் பாவத்திலிருந்து விடுதலை பெறுகின்றனர். உயிர்ப்பினால் புதுவாழ்வுக்கு வழி திறக்கிறது. 1992இல் வெளியான ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ நூலும் இவ்விரண்டையும் சேர்த்தே போதிக்கிறது. ஆனால் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் முதற்பாதிக்குக் கிடைக்கும் நேரம் மறுபாதிக்குக் கிடைப்பதில்லை.

இறப்பின் பொருளைத் திருச்சபை ஒரே விளக்கத்துக்குள் அடைத்துவிடவில்லை. பாவத்தால் கடவுளுக்குச் செலுத்தப்படாமல் போன மாண்பைக் கிறிஸ்து ஈடுசெய்தார் என்றார் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய புனித ஆன்செல்ம். 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் அதனுடன் பேறுபலன், பலி, மீட்பு ஆகியவற்றையும் சேர்த்து விளக்கினார். பாடுகளின் மதிப்புக்கு அவர் முதலில் காட்டும் காரணம், அவற்றை ஏற்ற அன்பின் பெருமை. சினங்கொண்ட தந்தை மகனைத் தண்டித்துத் தணிந்தார் என்று சிறுவருக்குச் சொல்வது கத்தோலிக்கப் போதனை ஆகாது. மகனைக் கையளித்தது தந்தையின் அன்பு. தம்மையே கையளித்தது மகனின் அன்பு.

உயிர்ப்பு, பழைய வாழ்வுக்குத் திரும்பி வந்ததன்று. இலாசரும் நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனும் உயிர்பெற்று எழுந்தாலும் மீண்டும் இறக்க வேண்டியவர்களே. கிறிஸ்துவோ சாவு தீண்டாத வாழ்வுக்குள் சென்றார். வெறுமையான கல்லறை அதற்கு முதல் அடையாளம். உயிர்த்தவரைச் சீடர்கள் கண்டதே சாட்சியத்துக்கு அடிப்படை. பவுல் உரோமையர் திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில், நாம் கடவுளுக்கு ஏற்புடையவராவதை உயிர்ப்போடு இணைக்கிறார். 6ஆம் அதிகாரத்தில் திருமுழுக்கைக் கிறிஸ்துவோடு இறந்து புதுவாழ்வு பெறுவதாகக் காட்டுகிறார். உயிர்ப்பைச் சிலுவைக் கதையின் மகிழ்ச்சியான முடிவாக மட்டும் கற்பித்தால், திருமுழுக்கின் பொருளும் பாதியாகிவிடும்.

வழிபாட்டிலும் இந்தச் சமநிலை நெடுங்காலம் குலைந்திருந்தது. பாஸ்கா திருவிழிப்பு புனித சனியன்று காலையிலேயே நடந்து முடிந்தது. திருத்தந்தை 12ஆம் பயஸ் 1951இல் அதை இரவுக்கு மாற்ற வழிசெய்து, 1955இல் புனித வாரச் சடங்குகளைச் சீரமைத்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு பாஸ்கா மறைபொருளை வழிபாட்டின் மையத்தில் வைத்தது. அந்தப் புதுப்பித்தலை இந்தியாவுக்குக் கொண்டுசேர்க்க, 1967இல் பெங்களூருவில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் உருவானது. அதை நிறுவியவர் தமிழரான அருட்தந்தை டி. எஸ். அமலோற்பவதாஸ்.

இன்று எஞ்சியிருக்கும் சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. மறைக்கல்வி ஆண்டு பெரும்பாலும் பள்ளி ஆண்டை ஒட்டியே நடக்கிறது. தவக்காலத்தின் 40 நாள்களில் வகுப்பு உண்டு. சிலுவைப் பாதையின் 14 நிலைகளும் மனப்பாடமாகிவிடுகின்றன. பாஸ்கா காலத்தின் 50 நாள்களோ பெரிதும் கோடை விடுமுறையில் கழிகின்றன. பெங்களூருவின் ஜோகுபாளையம், அல்சூர் போன்ற பகுதிகளில் மற்றுமொரு சிக்கல்: வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் பள்ளியில் படிப்பது கன்னடமோ ஆங்கிலமோ. தமிழ்ப் பாடநூலைக் கொடுத்து விடுமுறையில் படித்து வரச் சொன்னால் பயனில்லை.

இதற்கு வழியைத் திருவழிபாடே தருகிறது. தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஆண்டுதோறும் வாசிக்கப்படுவது இயேசு தோற்றம் மாறிய நற்செய்தி. உயிர்ப்பின் மாட்சியை அன்றே வகுப்பில் தொடங்கிவிடலாம். பாஸ்கா மெழுகுதிரி எழுத்தறியாதவருக்கும் பாடம். அதில் சிலுவை கீறப்படுகிறது. மேலும் கீழும் அகரமும் னகரமும் பொறிக்கப்படுகின்றன. நாற்புறமும் அந்த ஆண்டின் எண்கள். ஐந்து திருக்காயங்களைக் குறித்து ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படுகின்றன. அதன் பிறகே திரி ஏற்றப்படுகிறது. காயமும் ஒளியும் ஒரே திரியில் இருப்பதைக் காட்டினால், இறப்பையும் உயிர்ப்பையும் பிரிக்க முடியாது என்பது விளங்கும்.

பெந்தகோஸ்துக்குப் பின் அத்திரி திருமுழுக்குத் தொட்டியருகே வைக்கப்படும். திருமுழுக்கின்போதும் அடக்கத் திருப்பலியின்போதும் ஏற்றப்படும். ஜூனில் வகுப்பு திறக்கும் முதல் ஞாயிறன்று பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று ஆண்டின் முதல் பாடத்தை நடத்தலாம். விடுமுறையில் விடுபட்ட பாதியை அன்றே மீட்டுக்கொள்ளலாம்.